ஐந்து நிமிடப் பழுப்பு

இருபத்திரண்டு வருடமாக அவள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் திசு வெட்டுகிறாள். நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் புதைத்து, தலைமுடிக் கனத்தில் இருபதில் ஒரு பங்காகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவாள். கட்டைவிரலில் நான்கு தழும்புகள். வீட்டில் காய் மட்டும் தடிதடியாக நறுக்குவாள்.

கணவனின் அக்கா அவளுக்கு வைத்த பெயர் கறிக்கடைக்காரி. கல்யாணமான வாரத்தில் வைத்தது. "கை கழுவினியா?" என்று கேட்காமல் அவளிடம் தண்ணீர்கூட வாங்கமாட்டாள்.

இப்போது அந்த அண்ணிக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். மருந்து ஏற்றிக்கொள்ள வந்தவள் இவர்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் வாந்திக்கு ஒரு நீலப் பேசின். மூன்று சுற்று முடிந்தும் கட்டி சரியாகச் சுருங்கவில்லை. சில புற்றணுக்களில் ஒரு புரதம் இருக்கும். உள்ளே போன மருந்தை வெளியே தள்ளிவிடும். அது இருந்தால், சாயம் ஏற்றும்போது திசு பழுப்பாகும். பழுப்பானால் மருந்தை மாற்றவேண்டும் என்றார்கள்.

"மாத்துறதெல்லாம் கிடையாது," என்றாள் அண்ணி. "இதே மருந்துன்னா இன்னும் மூணு தாங்குவேன். மறுபடி முதல்லேர்ந்துன்னா, என்னை விட்டுடுங்க."

அண்ணியின் சதையைப் புதைத்த மெழுகுக் கட்டி, அந்த பிளாக், அவளுடைய மேசைக்குத்தான் வந்தது. மேலே எண் மட்டும். அந்த எண்ணை எழுதியவளும் அவளே.

இரண்டு ஸ்லைடுகள் எடுத்தாள். ஒன்று அண்ணியுடையது. இன்னொன்று கன்ட்ரோல், நிச்சயம் பழுப்பாகும் என்று தெரிந்த பழைய திசு. இரண்டின் மேலும் கடைசிச் சாயத்தை ஊற்றினாள். ஐந்து நிமிடம் விடவேண்டும். இரண்டாவது நிமிடத்திலேயே அண்ணியின் ஸ்லைடில் நிறம் ஏறத் தொடங்கியது. இரண்டையும் எடுத்துக் கழுவிவிட்டாள்.

மதியம், ஸ்லைடுகளைப் பார்த்து முடிவு எழுதும் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"கன்ட்ரோலே வெளுத்துக் கிடக்கே. சீக்கிரமா எடுத்துட்டீங்களா?"

"ஆமா டாக்டர்."

"நீங்களா?"

டாக்டரம்மா அந்த எண்ணைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"பிளாக்ல திசு இருக்கா?"

"இன்னும் ஒரு சீவலுக்கு இருக்கும்."

"அப்ப பண்ணுங்க. இல்ல, வேற ஆள விட்டுப் பண்ணச் சொல்லட்டுமா?"

"நானே பண்றேன்."

வெட்டினாள். சாயம் ஊற்றிவிட்டு, ஐந்து நிமிடமும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்தாள். நுண்ணோக்கி தேவைப்படவில்லை.

சாயங்காலம் அண்ணி விழித்துதான் இருந்தாள்.

"என்னடி கறிக்கடை, என்னை வெட்டினியா?"

"வெட்டினேன் அண்ணி."

"எத்தனை கிலோ தேறிச்சு?"

"பழுப்பாயிடுச்சு அண்ணி."

அண்ணி கூரையைப் பார்த்தாள். "வேற யாரோடதாவது கலந்திருக்கப்போகுது."

"இல்ல. ரெண்டு தடவை பண்ணேன். முதல் தடவை பாதியில எடுத்துட்டேன்."

"ஏன்?"

"தெரியல."

"தெரியலையாம்." அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணி தூங்கிவிட்டாள் என்று நினைத்து, மருந்தே வேண்டாம் என்றவளுக்கு இனி இது எதற்கு என்று அவள் நீலப் பேசினை எடுத்தாள். கதவுவரை போயிருப்பாள்.

"புது மருந்துக்கும் வாந்தி வருமா?"

"வரும்."

"அப்ப அதை எங்க தூக்கிட்டுப் போற? வை இங்கயே. கழுவிட்டு வை."

கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.