தையல் விழாத துணி

சேஷாசலம் முதன்முதலில் ஹமீதா பானுவின் கடைக்கு வந்தபோது, கைபேசி விளக்கைத் துணிக்கட்டுகள் மேல் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தான். 2019இல் நடந்தது இது. சைகோன் நகரத்து சோலோன் துணிச்சந்தையில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவள் அவள். இப்படி ஒரு ஆளைக் கண்டதில்லை. கூடவே அவன் காதில் செருகிய இயர்போனில், "சாப்ட்டேம்மா, சோறுதான்" என்று யாருக்கோ சமாதானம் சொன்னது காதில் விழுந்தது. தமிழைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது!

"என்ன தம்பி, துணிக்குக் காய்ச்சல் பாக்குறீங்களா?"

அவன் திடுக்கிட்டு விளக்கை அவள் முகத்திலேயே அடித்தான். "அக்கா, நீங்க தமிழா?"

"வாப்பா காரைக்கால், தாய் இந்த ஊரு. மொதல்ல வெளக்க எறக்குங்க."

பழைய கிடங்கு ஒன்றில், நகரத்தின் அந்தக்கால வியாபாரிகளுடைய முகங்களை ஒளியாகப் பாய்ச்சிக் காட்டப்போகிறார்களாம். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு திரை. அதற்குத் துணி தேர்வது அவன் வேலை. பளபளப்பு இருந்தால் ஒளி திருப்பியடித்து முகம் கரைந்துபோகும். ரொம்ப மெல்லிசென்றால் வெளிச்சம் அந்தப் பக்கம் ஓடிவிடும். கண்ணைக் கூசும் வெள்ளையும் ஆகாது, கறுப்பு கறுப்பாக விழாது.

"வெள்ளையும் வேணும், வெள்ளையாவும் இருக்கப்படாது. பொண்ணு பாக்க வந்தவஹகூட இவ்வளவு கேக்கமாட்டாஹ" என்று சிரித்தபடி கட்டுக்கட்டாகப் பிரித்துப்போட்டாள்.

பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். இந்த ஊரில் வெள்ளைத் துணியை மொத்தமாகப் பிரித்தால் இழவு என்று அர்த்தம். அவள் பதறி வந்து ஹமீதாவின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தாள். ஹமீதா கையை உருவிக்கொண்டாள். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை என்றாள். நாற்பது வருஷமாக அவள் சொல்லிவருவதும் அதுதான்.

அவள் வாப்பா அப்துல் முத்தலிப் ஜவுளி வியாபாரி. சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்த மூன்றாம் வருஷம் கடை பறிபோனது. அடுத்த வருஷம், ஹமீதாவின் பதினாறாம் வயதில், வுங் டாவ் கடற்கரையில் ஒளிந்து படகேறினார். போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். கடிதம் வரவில்லை. அந்தப் படகு கரையேறியதாக ஒரு தகவலும் இல்லை. உடல் கிடைக்காதவருக்காகத் தொழும் காயிப் ஜனாஸாவை நடத்திவிடலாம் என்று பள்ளிவாசலில் சொன்னபோது, முதலில் தாய் மறுத்தாள். தாய் போன பிறகு மகள் மறுத்தாள். காரைக்காலிலிருந்து வாப்பா தம் அடக்கத்துக்கென்று வாங்கிவந்த கபன் துணி அவர் பெயர் எழுதிய தகரப்பெட்டியில் அப்படியே இருந்தது. அது பெட்டியில் இருக்கும்வரை வாப்பாவும் எங்கோ இருக்கிறார் என்பது அவள் பிடிவாதம்.

சேஷாசலம் கேட்டதும் வாப்பாவின் ஒரே படத்தைக் காட்சிக்குக் கொடுத்தாள். திறப்புக்கு முந்தின நாள் நண்பகல், கதவடைத்த கிடங்கில் ஒத்திகை. அவள் கொடுத்த பாலியெஸ்டர் கலப்பில் வாப்பாவின் நெற்றியும் மூக்கும் கரைந்துபோய், தொப்பியும் தாடியும் மட்டும் தொங்கின. முரட்டுக் கித்தானில் முகமெல்லாம் அம்மைத் தழும்பாக இருந்தது.

"இது எங்க வாப்பா இல்ல" என்றாள்.

"மத்த படமெல்லாம் தெளிவு, தாங்குது. இது மங்கின படம்க்கா. இத எடுத்துடலாம். வேற துணி தேட நேரமில்ல."

ஹமீதா வெளியேறினாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, பழுப்பேறிய பருத்தித் துணியை அவன் கையில் வைத்தாள்.

தடவிப் பார்த்தவன் துள்ளினான். "இத எங்கக்கா ஒளிச்சு வச்சிருந்தீங்க? இதானே நான் தேடுனது! ஓரம் மடிச்சு ஒரு தையல் ஓட்டி வளையம் போட்டுடறேன்."

"ஊசி படக்கூடாது!" துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தைக்காம எப்புடிக்கா தொங்கும்?"

"கபன், தம்பி. அதுல தையல் ஆகாது."

அவனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை.

"மவுத்தானவங்களுக்குப் போத்துறது."

"கோடியா?" அவன் குரல் இறங்கிவிட்டது. "யாருக்குக்கா வாங்குனது?"

அவள் படத்தின் பக்கம் முகவாயைக் காட்டினாள்.

அவன் துணி காயப்போடும் கிளிப்புகளை வாங்கிவந்து, கம்பியில் பொத்தினாற்போலத் தொங்கவிட்டான். ஒளி பாய்ந்தது. தொப்பி கறுப்பாகவே விழுந்தது. மடிப்புத் தடம் ஒன்று மஞ்சளாகக் கன்னத்தின் குறுக்கே ஓடினாலும், கண் இரண்டும் அவரேதான். ஹமீதா கிட்டே போய் முகத்தைத் தொட்டாள். தாடி அவள் புறங்கையில் விழுந்தது, குத்தவில்லை.

"அணைச்சிடாதீங்க தம்பி. கொஞ்ச நேரம்."

அவன் அணைக்கவில்லை. முகத்திலிருந்து கையை எடுக்காமலே அவள் சொன்னாள்: "வாப்பா போய்ட்டாஹ."

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகை நடந்தது. மறுநாள் பக்கத்துக் கடைக்காரி வந்து கையைப் பிடித்தபோது ஹமீதா உருவிக்கொள்ளவில்லை.

இப்போதும் அதே சந்தையில்தான் அவள் துணி அளந்து விற்கிறாள். காட்சி முடிந்ததும் கபன் தகரப்பெட்டிக்கே திரும்பியது. ஓரங்களில் கிளிப் தடம் உண்டு, ஊசித் தடம் இல்லை. பெட்டி மூடியில் வாப்பாவின் பெயருக்குக் கீழே, இனி அது தனக்கென்று, தன் பெயரை எழுதிவைத்திருக்கிறாள்.