சேவ் செய்த ஃபைல் எங்கே போகிறது?

கம்ப்யூட்டர் உதவியாளர் வேலையில் பாதி, தொலைந்தே போகாத ஃபைலைத் தேடிக் கொடுப்பதுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கும், பக்கத்தில் நின்று தவித்தவர்களுக்கும் இது புரியும்.

கல்கத்தா அலிப்பூரில் ஒரு சர்வே அலுவலகம். கப்பலில் வந்த சரக்கு நனைந்தாலோ உடைந்தாலோ நேரில் போய்ப் பார்த்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்புவது அவர்கள் தொழில். காசில்லாமல் கிடைக்கிறதென்று எல்லா மெஷினையும் லினக்ஸ் சிஸ்டத்துக்கு மாற்றிவிட்டு, உதவிக்கு என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். "துர்கா பூஜை வரைக்கும் பார்ப்போம். ஸ்டாஃப் வேண்டாம்னு சொன்னா பழையதே வரும். அப்புறம் உனக்கு இங்கே வேலை இருக்காது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் முதலாளி தத்தா சாஹேப்.

கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்த என் அப்பாவோ, வீட்டின் முதல் பட்டதாரிக்கு வேலை கிடைத்ததைக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அதனால் அலுவலகத்தில் யார் பெருமூச்சு விட்டாலும் ஓடிப்போய் என்னவென்று கேட்பேன்.

மடித்து வைத்த பெட்டி

இது நான் பார்த்ததல்ல. நான் சேருவதற்கு முன் மெஷின்களை மாற்றிக் கொடுத்தவர் சொன்னது. கூட்டியும் குறைத்தும் சொல்லியிருக்கலாம்.

டைப்பிஸ்ட் பிஸ்வாஸ் பாபு முதல் ரிப்போர்ட்டை முடித்து 'சேவ்' அழுத்தினார். ஒரு சின்னப் பெட்டி வந்தது. பெயர் எழுத ஒரு வரி, எந்த ஃபோல்டர் என்று காட்ட இன்னொரு வரி. மற்றதெல்லாம் ஒரு குட்டி அம்புக்குறிக்குப் பின்னால் மடிந்து கிடந்தது. அதை அமுக்கினால் விரியும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெயரை மட்டும் எழுதி வாரம் முழுக்க சேவ் செய்தார். தேயிலை, சணல், இரும்பு என்று எல்லா ரிப்போர்ட்டும் ஒரே ஃபோல்டரில் குவிந்தன. அது எந்த ஃபோல்டர் என்பதுதான் தெரியவில்லை. கண்டுபிடித்துக் கொடுத்தபோது அவர் சொன்னாராம்: "பத்திரமா வச்சிருக்கு பாபா, மறுக்கலே. யார்கிட்டேயிருந்து பத்திரமா?"

ஒன்றுமே இல்லை

வைத்தியநாதன் சார் தலைமை கிளார்க். கும்பகோணத்துக்காரர், கரியாஹாட்டில் குடியிருந்தார். அலுவலகத்தில் என்னோடு தமிழ் பேசியவர் அவர் ஒருவர்தான். ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்ட குரலே சரியாக இல்லை. ஓப்பன் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். ஃபோல்டர் காலி. ஒரு வருஷத்து ரிப்போர்ட்டுகள் போய்விட்டன என்று நினைத்து, வீட்டுக்குக்கூட போன் போட்டு வர நேரமாகும் என்று சொல்லிவிட்டார்.

அவர் திறந்திருந்தது கணக்குப் போடும் புரோகிராம். பெட்டியின் அடியில் ஒரு மூலையில் 'கணக்கு ஃபைல்கள் மட்டும்' என்று இருந்தது. அதை 'எல்லா ஃபைல்களும்' என்று மாற்றினேன். அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "உள்ளே இருக்கறதை இல்லேன்னு சொல்றதுக்கு கம்ப்யூட்டர் எதுக்கும்மா? அதுக்கு நம்ம கேன்டீன்காரர் போதுமே."

இடது பக்கம்

மிதாலி தீ அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர்; வங்காளத்தில் அக்காவுக்கு 'தீ', அண்ணாவுக்கு 'தா'. பழைய சிஸ்டத்தில் மூடும்போது 'சேவ் செய்யவா?' என்று கேட்டால், இடது ஓரத்தில் இருப்பது 'ஆமாம்'. புதியதில் இடது ஓரத்தில் 'சேவ் செய்யாமல் மூடு', வலது ஓரத்தில் 'சேவ்'. அவர் படிக்கவில்லை. கை தானாகப் போய் இடது பக்கம் அழுத்தியது. காலையிலிருந்து போட்ட கணக்கு போயே போய்விட்டது.

அழுவாரோ, தத்தா சாஹேபிடம் போவாரோ என்று பயந்தேன். இரண்டும் செய்யவில்லை. நான் வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் படிக்க, அவர் மறுபடி தட்டினார். நடுவில் தன் டப்பாவிலிருந்து பாதி சந்தேஷ் இனிப்பை என் பக்கம் தள்ளினார். நான் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "உன் மேலே தப்பில்லே மா. என் கை வேற ஸ்கூல்லே படிச்சது."

சேதம் எங்கே?

பூஜை நெருங்கிவிட்டது. சர்வேயர் சென்குப்தா தா, அலுவலகக் காமிராவை ஞாயிற்றுக்கிழமை பேரனின் அன்னப்பிராசனத்துக்கு எடுத்துப் போயிருந்தார். குழந்தைக்கு முதல் முதலாகச் சோறூட்டும் நாள் அல்லவா. திங்கட்கிழமை அதே காமிராவில் துறைமுகத்தில் நனைந்த அரிசி மூட்டைகளைப் படம் எடுத்தார். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இறங்கின. மெயிலில் படம் இணைக்கும் பெட்டியோ படங்களைக் காட்டாது. வெறும் நம்பர்களைத்தான் காட்டும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு இணையுங்கள் என்றேன். "எனக்கு ஞாபகம் இருக்கு மா" என்று நம்பர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் இன்ஷூரன்ஸ் அதிகாரி தத்தா சாஹேபுக்கு போன் செய்தார். பட்டு உடுத்தி, நெற்றியில் சந்தனமும் வாயோரம் பாயசமுமாக ஒரு குழந்தை அவர் மேஜைக்குப் போயிருந்தது. "சரக்கு ரொம்ப நல்லாயிருக்கு. சேதம் எங்கேன்னுதான் தெரியலே" என்றாராம்.

விசாரணை

உடனே எல்லோரையும் தன் அறைக்கு அழைத்தார் தத்தா சாஹேப். நான் கதவோரம் நின்றேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பெட்டி எப்படி?" என்று கேட்டார். மோசம் என்றார் பிஸ்வாஸ் பாபு. மகா மோசம் என்றார் சென்குப்தா தா. வைத்தியநாதன் சார் கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்போ பழையதே போட்டுடலாமா?"

மிதாலி தீ நிமிர்ந்தார். "வேண்டாம் சாஹேப். என் கை இப்பதான் வலது பக்கம் போகப் பழகியிருக்கு. இன்னொரு தடவை என்னாலே ஆகாது." மற்றவர்களும் அவசரமாகத் தலையாட்டினார்கள்.

தத்தா சாஹேப் என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "படம் எதுன்னு பார்த்து அனுப்ப ஒரு ஆள் வேணும். அந்தப் பெட்டி சரியாகிற வரைக்கும் நீ இரு."

அந்தப் பெட்டியை எழுதியவர்கள் இணையத்தில் வைத்திருந்த புகார்ப் பட்டியலைப் பின்னாளில் தேடிப் பார்த்தேன்: படம் தெரியவில்லை என்ற புகாரை நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே யாரோ எழுதியிருந்தார், அதன் கீழே பல தேசத்துக்காரர்கள் முதலில் மரியாதையாகவும் பிறகு மரியாதையில்லாமலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், புகார் தீர்க்கப்படாமல் அப்படியே திறந்து கிடந்தது, என் வேலை நிரந்தரம் என்று அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.