என் கையால் ஊட்டிய ஏழு நாள்

முதலில் முழங்காலுக்குப் பின்பக்கம் சிவந்தது. அப்போது என் பேத்தி கவிதாவுக்கு இரண்டு வயது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு புதுசாகத் திறந்திருந்த நேரம். சொறிந்து சொறிந்து பாயெல்லாம் ரத்தப் பொட்டு. தோல் டாக்டரம்மா எக்சிமா (தோல் வறண்டு வெடித்து நீர் கசியும் கரப்பான்) என்றார். பால், முட்டை, கடலை மூன்றையும் நிறுத்தினார். தோல் ஆறியது. எடை மட்டும் ஏறவில்லை.

நான் நாலாப்பு தாண்டாதவன். ஒத்தக்கடையில் மாட்டுத்தீவனக் கடை போட்டு ஒற்றை ஆளாக மேலே வந்தவன். மூட்டையை மோந்தே கலப்படம் சொல்லிவிடுவேன். என் பேத்தி நோஞ்சானாகத் திரிவதா? டவுனுக்குப் போய், இருந்ததிலேயே விலை கூடின சத்துப்பொடி டப்பாவை வாங்கி வந்து, இரண்டு வேளையும் கஞ்சியில் கலக்கச் சொன்னேன்.

பத்தே நாளில் கழுத்தும் முழங்கை மடிப்பும் வெடித்து நீர் வடிந்தது. எனக்கு மருமகள் மேல்தான் சந்தேகம். பிள்ளை அழுதால் தாங்கமாட்டாள், ஒளித்துப் பால் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். டம்ளரை மோந்தேன். பிள்ளையின் வாயையும் மோந்தேன்.

"உண்மையச் சொல்லு. இல்லாட்டி பிள்ளைய விட்டுட்டு சோழவந்தானுக்கு, உங்க ஆத்தா வீட்டுக்குக் கிளம்பு."

அவள் அழவில்லை. "ஒரு வாரம் நான் அடுப்படிப் பக்கமே வரல மாமா. நீங்களே காச்சி, நீங்களே ஊட்டுங்க. அப்பறம் சொல்லுங்க, போறேன்."

ஊட்டினேன். அரிசிக்கஞ்சி, அவித்த பூசணி, பொடி. கடைக்குக்கூடப் போகவில்லை. ஏழாம் நாள் காதுமடல் கிழிந்து ரத்தம் வந்தது.

டப்பாவோடு எங்கள் மூவரையும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான் என் மகன்.

"இத யாரு குடுக்கச் சொன்னது, பெரியவரே?"

"நாந்தான்."

டப்பாவைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தை வாசித்தார். இங்கிலீஷ். "இதுல பாதி பால்பவுடர்தான். படிச்சுப் பாக்கலையா?"

மருமகள் சொன்னாள்: "நான் பத்தாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன், டாக்டர். மாமா வாங்குன பொருள எங்க வீட்டுல யாரும் திருப்பிப் பாக்குறதில்ல."

பொடியை நிறுத்தி, களிம்பு போட்டு, தோல் ஆற ஒன்றரை மாதம் ஆனது. அவள் சோழவந்தானுக்குப் போகவில்லை. இரு என்று நானும் வாயால் சொல்லவில்லை. அடுப்படியை விட்டு விலகிக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் டாக்டர் சில சாப்பாட்டை விலக்கிய பிள்ளை இருந்தால், சத்து என்று எழுதியிருப்பதையும் சந்தேகப்படுங்கள். டாக்டரிடம் காட்டாமல் வாயில் வைக்காதீர்கள். வாங்கி வந்தவன் எம்புட்டுக் கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி.

இப்போது கவிதாவுக்கு மூன்று வயது. எனக்கு வாரம், மாதம் எல்லாம் போய்விட்டது. மூன்று நாள்தான் ஒரு பொழுது. டாக்டரம்மா சொன்னபடி மருமகள் புதுசாக ஒரு காய் கொடுத்தால் மூன்று நாள் பிள்ளையின் மடிப்புகளைத் தடவித் தடவிப் பார்க்கிறேன். அவள் கை கழுத்துக்குப் போனால் எனக்கும் அதே இடம் அரிக்கிறது. சந்தேகம் இன்னும் விடவில்லை. முதல் சந்தேகம் என் கை மேல்தான்.