மாப்பிள்ளை எழுதிய கமென்ட்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு டிரெய்லர் பார்த்தேன். இரண்டரை நிமிஷம்தான். அதிலிருந்து போனைக் கையில் எடுக்கவே பயமாக இருக்கிறது.

பேய்ப் படமா என்று கேட்காதீர்கள். பேயாக இருந்தால் விபூதி பூசிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பேன். இது ஒரு பெரிய ஹீரோவின் பெரிய படம். எந்த ஹீரோ? சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அதிகம் சினிமா பார்ப்பவள் இல்லை என்பது தொடர்ந்து இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆந்திராவில், நகரி பக்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் சயின்ஸ் சொல்லித் தருகிறேன். எந்தப் படம் எப்போது ரிலீஸ் என்பதை என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஒளிச்சேர்க்கையைப் பற்றிக் கேட்டால்தான் தூக்கம் கலையாது. அப்படிப்பட்ட நான் எதற்கு டிரெய்லர் பார்த்தேன்?

மாப்பிள்ளைக்காக.

என் மகள் நித்யா திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சனிக்கிழமை ரயிலில் வீட்டுக்கு வருவாள். அவளுக்குச் சித்தூரில் ஒரு பையனைப் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. பெயர் சந்தோஷ். ஒரு கம்பெனியில் இன்ஜினியர். எங்களைப் போலவே தமிழ்க் குடும்பம், பூர்வீகம் புத்தூர் பக்கம். தை மாதம் கல்யாணம்.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கு முதலில் யாருக்கும் பேச்சே வரவில்லை. வெயில், ரயில் லேட், நிலக்கடலை விலை... எல்லாம் தீர்ந்துவிட்டது. அப்போது சம்பந்தி என் கணவரைப் பார்த்து, "தெலுங்குல உங்களுக்கு யாரு?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. எல்லையில் இருப்பவர்கள் நாங்கள். வீட்டுக்கு ரேஷன் கார்டு ஒன்று, ஆளுக்கு ஹீரோ இரண்டு. தமிழில் ஒருவர், தெலுங்கில் ஒருவர்.

என் கணவர் தன் ஹீரோவின் பெயரைச் சொன்னார். சம்பந்தி எழுந்தே நின்றுவிட்டார். அவருக்கும் அவரேதான்... பையனுக்கும் அவரேதான்! அதற்கப்புறம் போண்டா ஆறியதுகூட யாருக்கும் தெரியவில்லை. போன தடவை அவார்டு ஏன் கிடைத்தது, அதற்கு முந்தின தடவை ஏன் கிடைக்கவில்லை என்று அரைமணி நேரம் பேசினார்கள். கிடைத்தால் திறமை, கிடைக்காவிட்டால் லாபி. இதில் மூன்று பேருக்கும் ஒரே கருத்து. ஜாதகம் பொருந்தியபோதுகூட என் கணவரின் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்க்கவில்லை.

எனக்கும் பையனைப் பிடித்துத்தான் இருந்தது. அதிர்ந்து பேச மாட்டான். வாய்க்கு வாய் 'அத்தை'. என்ன, வீட்டுக்கு வந்தால் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டதற்கு மேல் எனக்குத்தான் பேச ஒன்றும் கிடைக்காது. அவர்கள் ஹீரோவின் புதுப் படத்துக்கு டிரெய்லர் வந்திருக்கிறதாமே, அதைப் பார்த்து வைத்தால் இரண்டு வார்த்தை பேசலாமே என்று நினைத்தேன். இது ஒரு தப்பா?

பார்த்தேன். ஹீரோ நடந்து வருகிறார். பின்னால் கார் வெடிக்கிறது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேறொரு இடத்தில் நடந்து வருகிறார். அங்கேயும் எதுவோ வெடிக்கிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சரி, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினேன். ஒரு வீடியோவில் ஒரு பெண் வந்தாள்.

பாகாலா ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வீடு என்று அவளே சொல்கிறாள். வயது இருபது இருக்கலாம். பின்னால் ஃபிரிட்ஜ், அதன் மேல் மாவு டப்பா. தெலுங்கில் கடகடவென்று பேசினாள். ஹீரோ எங்கிருந்து கிளம்பி எங்கே நடந்து போகிறார், அதை மட்டுமாவது சொல்லுங்கள் என்றாள். ஹீரோயினுக்கு ஒரு தும்மல் போடும் நேரம்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். போன தடவை அவார்டு கொடுத்தது நடிப்புக்கா தாடிக்கா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

நானும் சிரித்தேன். என் வகுப்பில் இப்படி ஒரு பெண் இருந்தால் பீரியட் போவதே தெரியாது.

சிரித்துக்கொண்டே கீழே கமென்ட்டுகளுக்குப் போனேன்.

ஹைஸ்கூல் டீச்சராக எத்தனையோ வருஷம் ஓட்டிவிட்டேன். பாத்ரூம் சுவரில் எழுதியிருப்பதையெல்லாம் படித்துவிட்டு, சுண்ணாம்பு அடிக்கச் சொன்னவள். எனக்குத் தெரியாத கெட்ட வார்த்தை கிடையாது. ஆனால் சுவரில் எழுதுகிறவன் தன் பெயரைப் போட மாட்டான். அந்த அளவுக்காவது வெட்கம் உண்டு. இங்கே பெயர் போட்டு, போட்டோவும் போட்டு எழுதுகிறார்கள். தெலுங்கை இங்கிலீஷ் எழுத்தில். ஒருவன் எழுதியதற்கு அடுத்தவன் கைதட்டுகிறான். ஒரு டிரெய்லர் சுமார் என்று சொன்னதற்கு!

நடுவில் ஒரு போட்டோவைப் பார்த்து விரல் நின்றுவிட்டது.

சந்தோஷ்.

வேறு யாராவது அதே ஜாடையில் இருக்கக் கூடாதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டில், எங்கள் ஹாலில் எடுத்த போட்டோ. பக்கத்தில் நின்றவளை வெட்டிவிட்டுத் தன்னை மட்டும் வைத்திருந்தான். தோளுக்கருகே பச்சைப் பட்டின் ஓரம் மட்டும் தெரிந்தது. நித்யாவின் புடவை.

என்ன எழுதியிருந்தான்? முதல் வரி அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றி. அடுத்தது அவளைப் பெற்றவளைப் பற்றி. அவற்றை இங்கே எழுத என் கை வராது. கடைசி வரியை மட்டும் எழுதலாம். 'பாகாலாவில் எந்தத் தெரு என்று சொல்லு. வீட்டுக்கே வந்து ரிவ்யூ சொல்கிறோம்.' அதற்குப் பிறகு வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள்.

உரக்கடையிலிருந்து சாப்பிட வந்த என் கணவரிடம் காட்டினேன். படித்ததும் முகம் சுருங்கியது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகு, அந்தப் பெண் அப்படி என்னதான் சொன்னாள் என்று கேட்டு வீடியோவைப் பார்த்தார். பார்த்து முடித்தபோது அவர் முகம் தெளிந்துவிட்டது.

"இன்னா இப்ப? சினிமாவுக்குத் திட்டிக்கினு இருக்கறான். குடிச்சிட்டா திட்டறான்?"

வீட்டுக்கு வருவேன் என்று எழுதியிருக்கிறானே என்றேன். எவனும் போக மாட்டான், எல்லாம் போனில் காட்டுகிற வீரம்தான் என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"அதுவுமில்லாம, அந்தப் பொண்ணு தாடியப் பத்தியெல்லாம் பேசலாமா?"

இவரும் ஒரு பெண்ணைப் பெற்றவர்தான்.

சனிக்கிழமை நித்யா வந்தாள். கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது, உடைந்து போய்விடுவாளோ என்று நான் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் போனையே அவள் முன்னால் நீட்டினேன். அவள் கையில் வாங்கவில்லை.

"தெரியும்மா. அவரே அனுப்பனாரு."

"இதையா?"

"ஸ்க்ரீன்ஷாட். லைக் நெறைய வந்திருந்திச்சி, அதான்."

"நீ இன்னா சொன்ன?"

"சிரிக்கிற பொம்மை போட்டேன்." ஒரு தலையணை உறையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். "வேற இன்னாமா போடறது?"

அவளுடைய ஆஸ்பத்திரியிலும் எல்லாரும் இப்படித்தானாம். எதிர் ஹீரோவின் ஆட்கள் இன்னும் மோசமாம். இதற்கு ஃபேன் வார் என்று பெயராம். பெயர் வைத்துவிட்டால் எதுவும் பழகிவிடும் போலிருக்கிறது.

"என்னை அப்டிப் பேசமாட்டாருமா. 'ங்க' போட்டுத்தான் பேசறாரு."

"அந்தப் பொண்ணு எதிர்ல வந்து நின்னா, அவளையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவான். அதான்டி எனக்கு பயம்."

அவள் மடித்த துணிகளை அடுக்கி வைத்தாள். பிறகு கேட்டாள். கல்யாணத்தை நிறுத்தலாம் என்கிறாயா? நிறுத்தினால், ஊரில் என்ன காரணம் சொல்வாய்?

குடிக்கிறான் என்றால் காரணம். வேறொரு பெண்ணோடு பழக்கம் என்றால் காரணம். கமென்ட் போட்டான் என்றால்? என் கணவர் சொன்னதைத்தான் ஊரும் சொல்லும். ஒரு வேளை சிரிக்கவும் சிரிக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கல்யாணப் பத்திரிகை மாடல் பார்க்க சந்தோஷும் அவன் அம்மாவும் வந்தார்கள். பெரியவர்கள் ஹாலில் மாடல்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, மஞ்சளா சிவப்பா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். காபி குடித்த டம்ளரை அவனே சமையலறைக்குக் கொண்டுவந்தான். நித்யா அடுப்பருகே நின்றிருந்தாள். இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று கேட்டுவிட்டேன்.

"அந்தப் பாகாலா பொண்ணு வீடியோல நீங்க எழுதனத பார்த்தேன், சந்தோஷ்."

அவன் காது வரைக்கும் சிவந்துவிட்டது. குனிந்த தலை நிமிரவில்லை.

"சாரி அத்தை. நீங்கல்லாம் பாப்பீங்கன்னு நெனைக்கல."

அங்கேயே போனை எடுத்தான். இரண்டு தட்டு. "எடுத்துட்டேன் அத்தை, பாருங்க" என்று காட்டினான். தப்புக் கணக்கை அழித்துவிட்டு டீச்சரிடம் சிலேட்டைக் காட்டும் பிள்ளையின் முகம். அந்த முகத்தைப் பார்த்து யாருக்கும் கோபம் வராது. எனக்கே வரவில்லை என்பதுதான் கொடுமை.

"நான் பார்த்தா பரவால்ல. அந்தப் பொண்ணு பார்த்திருக்குமே?"

அவன் நிமிர்ந்தான். நெற்றி சுருங்கியது.

"எந்தப் பொண்ணு, அத்தை?"

நடிக்கவில்லை. சத்தியமாக நடிக்கவில்லை. பொய் சொல்கிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிற கண் இது. அவன் எழுதியது தன் ஹீரோவுக்காக. எதிர்க் கூட்டத்துக்கு எதிராக. கைதட்டுவதற்குத் தன் கூட்டம் இருந்தது. இதற்கெல்லாம் நடுவில் ஒரு பெண் இருந்தாள் என்பதே அவன் கணக்கில் இல்லை. கெட்ட எண்ணத்தோடு எழுதியிருந்தால்கூடத் திருத்தலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்திருக்கும். யாரை எழுதினோம் என்றே தெரியாதவனை எங்கிருந்து திருத்துவது?

நித்யாவைப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருந்தது. ஏற்கெனவே துடைத்து வைத்த அடுப்பு மேடையை இன்னொரு தடவை துடைத்தாள். பிறகு அவனிடம், இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டாள்.

அவர்கள் போன பிறகு அந்தப் பெண்ணைத் தேடினேன். நீ பேசியது நன்றாக இருந்தது என்று ஒரு வரி எழுதலாம் என்று நினைத்தேன். வீடியோ இல்லை. அவள் சேனலே இல்லை. பயந்து எடுத்துவிட்டாளா? வீட்டில் எடுக்கச் சொன்னார்களா? அவள் அம்மாவும் என்னைப் போல ஒவ்வொரு கமென்ட்டாகப் படித்திருப்பாளா? என் மகளின் மாப்பிள்ளை தன்னைப் பற்றி எழுதிய அந்த இரண்டாவது வரியையும்?

திங்கட்கிழமை வகுப்பில், வழக்கமாகச் சொல்வதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். பெண் பிள்ளைகளா, மனதில் பட்டதைத் தைரியமாகச் சொல்லுங்கள்... பாதியில் நின்றுவிட்டது. பாடத்தை எடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம் பத்தியில் எழுதுகிறாயே, மாப்பிள்ளை வீட்டில் படிக்க மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அதோடு, எங்கள் பக்கத்தில் பல வீடுகளைப் போல அவர்கள் வீட்டிலும் பேச்சு தமிழ், படிப்பு தெலுங்கு. தமிழ் எழுத்து அங்கே யாருக்கும் வாசிக்க வராது. நித்யா மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். படிக்கட்டும்.

கல்யாண வேலை நடக்கிறது. பத்திரிகை சிவப்பு என்று முடிவாகிவிட்டது. நான் தினமும் ஒரு தடவை என் கணவரிடம் பேச்சை எடுக்கிறேன். அவர் தினமும் ஒரு தடவை டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். சித்தூருக்குப் போன் போட்டு நிறுத்திவிடலாம் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. தங்கமான பையனை ஒரு கமென்ட்டுக்காகத் தள்ளிய பைத்தியக்காரி என்று பெயர் வாங்குவேனோ என்று இன்னொரு சமயம் தோன்றுகிறது. நித்யாவிடம் கேட்டால், "பாக்கலாம்மா" என்கிறாள். எதைப் பார்ப்பது?

போன வெள்ளிக்கிழமை அந்தப் படம் ரிலீஸ் ஆனது. சந்தோஷ் வீட்டில் குடும்பத்தோடு திருப்பதிக்கு வந்து, நித்யாவையும் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

என் மகள் ஒரு படத்துக்குப் போனால் இடைவேளையிலேயே எனக்குப் போன் வந்துவிடும். பாட்டு தேறவில்லை, வில்லனின் விக் தனியாகத் தெரிகிறது, டைரக்டர் தூங்கிவிட்டார்... ஆஸ்பத்திரியில் முழங்கால் மடக்க முடியாமல் வருகிறவர்களுக்கு வலி தெரியாமல் இருக்க, பார்த்த படத்தையெல்லாம் கிழித்துத் தோரணம் கட்டுவாளாம். அதற்காகவே அவளிடம் வருகிறவர்கள் உண்டு.

அன்றைக்கு இடைவேளையில் போன் வரவில்லை. படம் முடிகிற நேரம் பார்த்து நானே கூப்பிட்டேன். பின்னால் ஒரே விசில், பட்டாசு.

"படம் எப்டிடி?"

"சூப்பர்மா. எல்லாருக்கும் புடிச்சிருந்திச்சி."

"உனக்கு?"

பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"பக்கத்துலதான் இருக்காருமா. அப்புறமா சொல்றேன்."

படம் நன்றாக இல்லை போலிருக்கிறது.