கோரமண்டல் பிளாட்பாரத்தில் பரிசு கொடுத்தவர்

ஞானசேகரன் சார் இறந்த செய்திக்கு முதலில் வந்தது கைதட்டல். பெற்றோர் குழுவில் இருக்கும் நீங்கள் எல்லோரும் அன்று காலை அதைப் பார்த்தீர்கள். பார்த்தது மட்டுமா, உங்களில் பலர் தட்டவும் தட்டினீர்கள். எங்கள் தலைமை ஆசிரியரான அவர் தினமும் விடியற்காலையில் யாராவது ஒரு குழந்தையின் படத்தைப் போட்டு, அது புதிதாகச் செய்த ஒரு காரியத்தை இரண்டு வரி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பெங்களூர் ரயில்வண்டியில் நின்றுகொண்டே போகும் அப்பா அம்மாக்கள் படிக்க இடமில்லாமல், கைதட்டும் பொம்மையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஃபோனை உள்ளே வைத்துக்கொள்வார்கள். அன்று அவர் மகன், அப்பாவின் ஃபோனிலிருந்தே அப்பாவின் படத்தைப் போட்டு, ‘அப்பா இன்று அதிகாலை காலமானார்’ என்று எழுதியிருந்தான். வழக்கம்போல வரிசையாகக் கைதட்டல். ஒருவர் ‘சூப்பர் சார்’ என்று வேறு எழுதியிருந்தார்.

நானும் முதலில் படத்தை மட்டும்தான் பார்த்தேன். மனுஷருக்கு ஏதோ விருது கிடைத்திருக்கிறது, பக்கத்து வகுப்பில் பாடம் எடுக்கும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எரிச்சல் வந்தது. எழுத்தைப் படித்த பிறகும் அந்த எரிச்சல் உடனே போகவில்லை, எங்கே போவதென்று அதற்குத் தெரியவில்லை போலும். அப்போது செல்வி வண்டியிலிருந்து ஃபோனில் கூப்பிட்டாள். எங்கள் பழைய மாணவி யாமினியின் அம்மா. பெங்களூரில் தையல் ஃபேக்டரிக்குப் போகிறவள். “டீச்சர், பாக்காம நானும் கை தட்டிட்டேன் டீச்சர். எப்பிடி அழிக்கறதுன்னு தெர்ல. இன்னா பண்றது இப்போ?” என்று அத்தனை கூட்டத்துக்கு நடுவில் வாய்விட்டு அழுதாள். “வுடு செல்வி, சார் பாத்திருந்தா சிரிச்சிருப்பாரு” என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அஞ்சலிக் கூட்டத்தில் பேசச் சொன்னீர்கள், என்னால் முடியவில்லை. எழுதியாவது கொடுங்கள் என்றீர்கள், எழுதுகிறேன். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இத்தனை வருஷம் அவரோடு வேலை செய்த எனக்கு, அவர் இந்தப் பள்ளியைக் காப்பாற்றினாரா, கலைத்தாரா என்று இன்றுவரை விளங்கவில்லை. இது வெறும் மனக்குழப்பம் என்றால் எனக்குள்ளேயே வைத்துக்கொள்வேன். ஜூன் மாதம் சேர்க்கை குறைந்தால், தங்கச் சுரங்கம் மூடியபின் இந்தக் கன்னட நாட்டு ஊரில் மிஞ்சியிருக்கும் எங்கள் தமிழ்ப் பள்ளியைப் பக்கத்துக் கன்னடப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பொறுப்புத் தலைமை ஆசிரியை என்ற பெயரில் அவருடைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் நான்.

அவரை நினைத்தாலே உங்களுக்கு ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும், எனக்கும் அப்படித்தான். எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் பாதிப் பேர் பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்பே வண்டி ஏறிவிடுகிறவர்கள். பெற்றோர் கூட்டம் போட்டால் நாற்காலிகள்தான் வரும். ஆண்டு விழாவில் பரிசு வாங்கும் பிள்ளை மேடையிலிருந்து கூட்டத்தைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு இறங்கும். ஒரு வருஷம் அதைப் பார்த்துவிட்டு சார், “அவங்களால வர முடியாதுன்னா நாம போவலாம் டீச்சர். இதுல இன்னா கௌரவம்?” என்றார். மறுவாரமே பரிசு வாங்க வேண்டிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போய் நின்றோம். சாயங்கால வண்டி வந்தது. இறங்கியவர்கள் தங்கள் பிள்ளை தலைவாரிப் பொட்டு வைத்து பிளாட்பாரத்தில் நிற்பதைப் பார்த்து, ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஓடிவந்தார்கள். ஒரு அப்பா, “இன்னா சார், எவனயாச்சும் அடிச்சிட்டானா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். சார் அவர் கையில் பென்சிலைக் கொடுத்து, “உங்க பையன் வாய்ப்பாடு முழுசா சொல்லிட்டான். நீங்களே குடுங்க” என்றார். அந்த மனிதர் பென்சிலை எந்தக் கையால் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். மாரிகுப்பம் வரை போகிறவர்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, வண்டி நகரும்வரை தட்டினார்கள்.

முதல் மதிப்பெண் வாங்கியதற்கெல்லாம் அங்கே பரிசு கிடையாது. போன மாதம் செய்ய முடியாததை இந்த மாதம் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. வருகைப் பதிவில் பேர் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் முதல்முறை சத்தமாக ‘உள்ளேன் ஐயா’ என்றதற்குப் பரிசு கொடுத்தார். “இதுக்கெல்லாமா சார்?” என்று கேட்டேன். “நீங்க வேண்ணா டி.சி. ஆபீசுல கலெக்டர் எதிர்ல நின்னு சத்தமா பேசிப் பாருங்க டீச்சர், அப்ப தெரியும்” என்றார்.

யாமினி இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவளுக்கு அப்படி ஒரு பரிசு முதன்முறை கிடைத்தது. அன்று வண்டி வந்தது, எல்லோரும் இறங்கினார்கள், செல்வி இறங்கவில்லை. வண்டியும் போய்விட்டது. குழந்தையின் உதடு பிதுங்க ஆரம்பித்தது. செல்வி ஓவர்டைம் பார்த்த களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருக்கிறாள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். சார் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. “எங்க போயிடுவாங்க? மாரிகுப்பத்துக்கு மேல தண்டவாளம் இல்ல” என்று சொல்லி, யாமினியையும் என்னையும் ஆட்டோவில் ஏற்றினார். மாரிகுப்பம் ஸ்டேஷனில் செல்வி கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி, எதிரில் மகளையும் தலைமை ஆசிரியரையும் பார்த்து, தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கேயே பரிசு கொடுத்தோம். கைதட்ட நானும் ஆட்டோக்காரரும்தான் இருந்தோம்.

இப்படிப்பட்டவர் பள்ளியை விட்டுக்கொடுப்பார் என்று யாராவது நினைப்பார்களா? ஸ்கெலட்டன் என்கிற பழைய சுரங்க லைன் வீடுகளில் இருக்கும் மணிகண்டனின் அப்பா, எழுத்துக் கூட்டவே திணறும் மகனை டை கட்டுகிற இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்கப்போகிறேன் என்றபோது, சார் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். “அங்க போட்டா பின்னாடி பெஞ்சில உக்கார வெச்சி மறந்துடுவாங்க. எங்கிட்டயே வுடு.” “எல்லாப் பசங்களும் டை கட்டிகினு போறாங்க சார், இவன் மட்டும் பாத்துகினு நிக்கறான்” என்றார் அப்பா. “டை நான் வாங்கித் தர்றேன். கட்டிகினு எங்கிட்ட வரட்டும்.” சொன்னபடியே வாங்கியும் கொடுத்தார். எங்கள் பள்ளியில் டை கட்டிக்கொண்டு படித்த ஒரே பிள்ளை மணிகண்டன்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன், ஆனால் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

அதே மனிதர்தான் யாமினியை அனுப்பினார். மூன்றாம் வகுப்பில் அவள் தாலுகா போட்டிக்குப் போய், கன்னடச் செய்யுள் ஒப்புவித்து, கன்னடப் பள்ளிப் பிள்ளைகளையெல்லாம் தாண்டி முதலாவதாக வந்தாள். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு அப்படியொரு பேர் அதற்கு முன்பு கிடைத்ததில்லை. அன்று ஸ்டேஷனில் இருந்த கூட்டத்தைப் பார்த்து, அடுத்த வருஷம் சேர்க்கைக்குக் கவலையே இல்லை என்று நான் மனக்கோட்டை கட்டினேன். அடுத்த வாரம் சார் செல்வியைக் கூப்பிட்டு, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பெரிய பள்ளியின் பேரைச் சொல்லி, “இவள அங்க சேத்துடும்மா. எங்கிட்ட இருக்கறதெல்லாம் எடுத்துகினா” என்றார். செல்வி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

அவள் போனதும் நான் கத்தினேன், ஆம், கத்தத்தான் செய்தேன். “இன்னா சார் நெனச்சிகினு கீறீங்க? ஊரெல்லாம் போய் பசங்கள கூட்டிகினு வர்றது நாம. நல்லா படிக்கறதுங்கள நீங்களே தொரத்தறதா?” அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சார் சுரங்கத்தில்தான் போய் நிற்பார். “கேஜுல எறங்கறவங்க எல்லாரும் ஒரே லெவல்ல எறங்க மாட்டாங்க டீச்சர். அவங்கவங்க லெவல் வந்தா பெல் அடிச்சி எறக்கி வுட்டுடணும்” என்றார், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டை வைத்து. எனக்கும் சுரங்கக் குடும்பம்தானே. “கேஜ் காலியா ஓடினா மைன்ஸ மூடிடுவாங்க சார். மூடலயா?” என்று திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு, “நீங்க சொல்றதும் சரிதான் டீச்சர்” என்றார். சரியென்றால் எதற்காக அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன், அவர் மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்து யாமினியின் பேரை எழுத ஆரம்பித்தார்.

சரி, மனுஷர் நன்றாகப் படிக்கிற பிள்ளையை அனுப்புவார், திணறுகிற பிள்ளையை வைத்துக்கொள்வார், இதுதான் அவர் வழி என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். அதுவும் நிலைக்கவில்லை. சேர்க்கை நேரத்தில், படிப்பு ஏறாத ஒரு பெண் குழந்தையை அவரே கன்னடப் பள்ளிக்கு அனுப்பினார். அதன் ஒரே தோழி அங்கே போய்விட்டாளாம், அவள் இல்லாமல் இது வாயைத் திறக்காதாம். கணக்கில் புலியான ஒரு பையனைப் போகவிடவில்லை, “அவங்க அம்மா இப்பதான் செத்துப் போச்சி. ஸ்கூலும் மாறினா தாங்க மாட்டான்” என்றார். எனக்குத் தலை சுற்றியது. ஒரு ஆளுக்கு ஒரு கொள்கை வேண்டாமா? ஆளுக்கு ஆள் மாற்றிச் சொன்னால் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது?

அஞ்சலிக் கூட்டத்தில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். செல்வி மைக்கைப் பிடித்து, “சார் மாத்தச் சொன்னதாலதான் எம்பொண்ணு நல்லா கீறா” என்றாள். மணிகண்டனின் அப்பா எழுந்து, “மாத்தாதன்னு சொன்னதாலதான் எம்பையன் பேப்பர் படிக்கறான். சார் எப்பவும் நம்ம ஸ்கூல வுடாதன்னுதான் சொல்வாரு” என்றார். “எங்கிட்ட அப்பிடிச் சொல்லலியே” என்று செல்வி விடவில்லை. படத்துக்கு மாலை போட வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, சார் உண்மையில் என்ன சொன்னார் என்று சத்தம்போட ஆரம்பித்தார்கள். என்னைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க டீச்சர், கூடவே இருந்தீங்கல்ல” என்றார்கள். அதனால்தான் என்னால் பேச முடியவில்லை.

போன வாரம் தீபிகாவின் அப்பா வந்தார். பெரிய இயந்திர ஃபேக்டரியில் வெல்டிங் வேலை, நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார். மகள் மூன்றாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். “இங்கயே வுடவா, மாத்தவா டீச்சர்? சார் இருந்தா அவரக் கேட்டிருப்பேன். நீங்க இன்னா சொன்னாலும் கேக்கறேன்” என்றார். நான்காம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தீபிகா போனால் அவளைப் பார்த்து அந்த லைனில் இன்னும் சில வீட்டார் போவார்கள். அதன் பிறகு ஜூன் மாதம் நான் எதைக் காட்டி யாரிடம் வாதாடுவது? ‘இங்கேயே விடுங்கள்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். “பாப்பாவ இட்டுகினு வாங்க, பேசிட்டுச் சொல்றேன்” என்றுதான் வந்தது.

மறுநாள் தீபிகா வந்து எதிரில் உட்கார்ந்தாள். என்ன கேட்பதென்று தெரியாமல், என்னம்மா படிக்கிறாய் இப்போது என்றேன். “ஸ்கூல் பீரோல இருக்கற புக்கெல்லாம் ரெண்டு தபா படிச்சிட்டேன் டீச்சர். வேற இல்லியா?” என்றாள். வாங்கித் தருகிறேன் என்று சொல்ல ஆசைதான். பணம் யார் கொடுப்பார்கள், புத்தகம் எப்போது வரும்? “புது ஸ்கூலுக்குப் போனா பயமா இருக்குமா?” என்று கேட்டேன். இருக்கும் என்று சொல்லிவிடேன் அம்மா என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். “மொதல்ல இருக்கும். அப்புறம் சரியாயிடும் டீச்சர்” என்றாள்.

“மாத்திடுங்க” என்றேன் அவள் அப்பாவிடம். அவர் தயங்கினார். “சார் இருந்தா இதத்தான் சொல்லியிருப்பாரா டீச்சர்?” என்று கேட்டார். “தெர்லங்க. சத்தியமா தெர்ல. இது நான் சொல்றது” என்றேன்.

அவர்கள் போன பிறகு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் குழந்தைக்குச் சரியைத்தான் செய்தேன் என்று ஒரு மனசு சொன்னது, பள்ளியின் கழுத்தை நீயே நெரித்துவிட்டாய் என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டையும் நான் நம்புகிறேன். இப்படித்தான் அவரும் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்திருந்தாரா, அல்லது அவருக்கு மட்டும் ஏதாவது தெரிந்திருந்ததா என்று கேட்க ஆளில்லை.

அவருடைய கண்ணாடியையும் பேனாவையும் மகன் வந்து எடுத்துப்போனான். உங்களுக்கு என்ன வேண்டும் டீச்சர் என்று கேட்டான், ஒன்றும் வேண்டாம் என்றேன். எனக்கு வேண்டியது என்னிடமே இருக்கிறது. சாருக்கும் எனக்கும் நடந்த சண்டை இன்னும் முடியவில்லை. சார், இத்தனை வருஷம் பள்ளிக்காக நான் கத்தினேன், பிள்ளைக்காக நீங்கள் பேசினீர்கள். இனிமேல் உங்கள் பக்கத்தையும் நான்தான் பேச வேண்டும் சார்.