ஏழு துண்டாக உடைத்த சொல்

போன மழைக்காலத்தில், வாலிநோக்கத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது.

என் மூன்று வயது மகளுக்கு ரத்தத்தில் தட்டணுக்கள் அடிக்கடி குறைந்துவிடும். சதையில் ஊசி போட்டால் உள்ளேயே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். "பிளேட்லெட் கம்மி" என்றால் எல்லோரும் டெங்கு என்று நினைத்துவிடுகிறார்கள். அதனால் எங்கே போனாலும் நோயின் முழுப்பெயரைச் சொல்லும்படி மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். த்ராம்போசைட்டோபீனியா. நான் பி.எட். வரை படித்தவள்தான், ஆனாலும் நாக்கு புரளவில்லை. அவரே ஏழு துண்டாக உடைத்துக் கொடுத்தார். த்ராம், போ, சைட், டோ, பீ, னி, யா. 'பீ'யை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டுமாம்.

மகளைத் தூளியில் போட்டு, ஒரு வீச்சுக்கு ஒரு துண்டாகச் சொல்லிப் பழகினேன். 'பீ' வந்ததும் விழுந்து விழுந்து சிரிப்பாள். பிள்ளை காதில் இதைப் போய் ஓதுகிறோமே என்று இருக்கும். வேறு நேரம் எனக்கு ஏது?

அன்று அவளுக்கு உடம்பு கொதித்தது. நோயின் பெயர் எழுதிய ஃபைல் இராமநாதபுரத்தில், எங்கள் வீட்டில். மழையில் ஆட்டோ பிடித்து, வழியில் இருந்த ஒரு கிளினிக்குக்கு ஓடினேன். ஒரே கூட்டம். நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் பார்த்து முடித்து, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். திரைக்கு இந்தப் பக்கம் நர்ஸ் ஊசியோடு வந்தார்.

"பாப்பாவக் கவுத்திப் போடுங்கக்கா."

"ஊசி வேணாம் சிஸ்டர்."

"ஊசின்னாலே எல்லா அம்மாமாரும் இதத்தேன் சொல்றீக. காச்சல் எறங்க வேணாமா?"

"அதில்ல சிஸ்டர், இவளுக்கு த்ராம்போ... சைட்டோ..."

அதற்குமேல் வரவில்லை. தூக்கமில்லாத தலைக்குள் எல்லாம் காலியாக இருந்தது. நர்ஸ் பஞ்சால் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

மடியில் துவண்டு கிடந்தவள் கண்ணைத் திறக்காமலே, "பீ!" என்றாள்.

"ஐயய்ய, போயிட்டாளா?" என்று நர்ஸ் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"னி... யா," என்று முடித்தாள் மகள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். "பாப்பா என்னம்மா சொல்லுது? த்ராம்போசைட்டோபீனியாவா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஊசி வேணாம், கீழ வைங்க சிஸ்டர்."

காய்ச்சலுக்கு சிரப் கொடுத்து, உடனே இராமநாதபுரம் போகச் சொன்னார்.

முதலிலேயே கத்தியாவது சொல்லியிருக்கலாமே என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவளோ அந்தச் சொல்லைச் சொல்லித்தான் தூளியை ஆட்டச் சொல்கிறாள். அவளைக் காப்பாற்றியதே அதுதான் என்று தெரிந்தும், என்றைக்காவது அது தேவைப்படாமலே போய், அவள் அதை அடியோடு மறந்துவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வீச்சுக்கும் வேண்டிக்கொள்கிறேன்.