வெயிலில் நின்ற கலயம்

என் இடது கையில் அம்மை குத்திய தழும்புகள் நாலு இருக்கின்றன. குத்தியவர் அரியமுத்து. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை குத்தினார். முதல் தடவைக்கு அடையாளமே இல்லை. அது ஏன் என்று சொல்லத்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அரியமுத்து செந்துறைப் பக்கம் நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்தார். பிறகு மெட்ராஸுக்குப் போய், கிண்டியில் அம்மைப்பால் தயாரிக்கும் இடத்தில் கன்றுகளைக் குளிப்பாட்டும் வேலையில் சேர்ந்தார். கன்றின் வயிற்றை மழித்து, கீறி, மருந்து தடவுவார்கள். நாலைந்து நாளில் அங்கே புண் கட்டும். அதைச் சுரண்டி, கிளிசரினில் அரைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அடைப்பார்கள். அதுதான் அம்மைப்பால். ஆறு வருஷம் அதைப் பார்த்தவர், ஊர்ப்பக்கமே அம்மை குத்தும் உத்தியோகம் கிடைத்துத் திரும்பினார். "அந்தக் கன்னுக்குட்டி பட்ட பாடு வீணாப் போகக்கூடாதுங்க" என்று அடிக்கடி சொல்வார்.

1946 பங்குனியில் பக்கத்து ஊரில் பெரியம்மை கண்டு இரண்டு பேர் இறந்துபோனார்கள். அரியலூர் ஸ்டேஷனுக்கு ரயிலில் வந்த பாலை வாங்கி, ஈர மணல் நிரப்பிய கலயத்தில் புதைத்துக்கொண்டு, அரியமுத்து விடிந்ததுமே எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். பால் சூடு தாங்காது. வெயில் ஏறுவதற்குள் குத்தி முடிக்க வேண்டும்.

ஊரில் எதுவானாலும் எங்கள் வீட்டில்தான் முதலில் தொடங்க வேண்டும். எங்கள் அப்பா வைரக்கண்ணு, "கொல்லைக்காட்டுக்குப் போயிட்டு வரேன், நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது உச்சி தாண்டிவிட்டது. அப்பாவைப் பற்றி மரியாதைக் குறைவாக எழுதலாமா என்பார்கள். எழுதினால் என்ன?

அதுவரை அரியமுத்து வேலிப் படலுக்கு வெளியே, நிழலில்லாத இடத்தில் நின்றார். கலயத்து மணல் காய்ந்துவிட்டது. தண்ணீர் கேட்டார். அவர் சாதிக்குப் பாத்திரத்தில் தரமாட்டார்கள், எட்ட நின்று கையில் ஊற்றுவார்கள். வேலைக்காரி மருதாயி ஊற்றியதைக் குடிக்காமல், இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு போய்க் கலயத்தில் விட்டார். பாதி வழியிலேயே ஒழுகிவிட்டது. கலயத்தையாவது உள்ளே வையுங்கள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அப்பா வந்த பிறகே எங்கள் வீட்டில் தொடங்கி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் குத்தினார். எட்டாம் நாள் பார்க்க வந்தார். பால் பிடித்திருந்தால் கீறிய இடத்தில் கொப்புளம் இருக்க வேண்டும். நான் அப்போது ஒன்பது மாதக் குழந்தை. என்னையும் சேர்த்து நாற்பத்தொரு பிள்ளைகளின் கையிலும் ஒன்றுமே இல்லை. காய்ச்சலும் இல்லை என்று ஊருக்கு ஏக சந்தோஷம்.

"ஒனக்கு நல்ல கை அரியமுத்து" என்றார் அப்பா.

அதைக் கேட்டுக்கொண்டு, ரிஜிஸ்டரில் 'பிடித்தது' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். பால் கெட்டது மேலே தெரிந்தால் வேலை போனாலும் போகும். வீட்டில் அவருக்கு மூன்று பிள்ளைகள். ஆனால் ரிஜிஸ்டரை மூடிவிட்டு அப்பாவிடம் சொன்னாராம்.

"பால் செத்துப்போச்சுங்க. ஒரு புள்ளைக்கும் பிடிக்கல. திரும்பக் குத்தணும்."

"எப்படிச் சாகும்?"

"வெயில்லங்க."

"வெயில்ல எதுக்கு வச்ச?"

என்னை இடுப்பில் வைத்திருந்த என் அம்மா கமலவேணிதான் பதில் சொன்னாள். "நிக்க வச்சது நாமதானே?"

அடுத்த வாரம் புதுப் பால் வந்தது. அம்மா கலயத்தை வாங்கிப்போய், குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்து ஈரத்துணி போர்த்தினாள். மாட்டுப் புண்ணைச் சுரண்டி எடுத்தது வீட்டுக்குள் போயிற்று. கொண்டுவந்த மனிதர் வெளியேதான் நின்றார். எங்கள் வீட்டு ஆசாரம் அவ்வளவு அழகு! நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்குக் குத்தி முடித்ததும், "எனக்கும் குத்துங்க" என்று அம்மா கையை நீட்டினாள். அப்பா மட்டும் மறுத்துவிட்டார். "புள்ளைங்களுக்குச் சரி. அவன் கை என்மேல பட வேணாம்."

இந்தத் தடவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பால் பிடித்தது. கொப்புளமும் காய்ச்சலுமாக ராப்பகலாய் அழுதார்கள். கை விளங்காதவன் என்று ஊரே அரியமுத்தைத் திட்டித் தீர்த்தது.

சித்திரைக் கடைசியில் பெரியம்மை எங்கள் ஊருக்கும் வந்தது. அந்த நாற்பத்தொரு பிள்ளைகளில் ஒருவரையும் தொடவில்லை. அப்பாவுக்குக் கண்டது. மூன்றாம் நாள் முகமெல்லாம் முத்துப் போட்டதும், "அரியமுத்தைக் கூட்டியாரச் சொல்லு" என்றார்.

அவர் வந்து வழக்கம்போலப் படலருகே நின்றார். "உள்ள வாங்க" என்றாள் அம்மா. கலயமில்லாமல் வெறுங்கையோடு வந்த அன்றுதான் அரியமுத்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். தண்ணீர்ப் பானையைத் தாண்டிப் போய்க் கட்டிலருகே நின்றார்.

"குத்து" என்றார் அப்பா.

"கண்ட பிறகு பால் கேக்காதுங்க" என்று சொல்லும்போது அரியமுத்துக்கு அழுகை வந்துவிட்டதாம்.

அப்பா ஒன்பதாம் நாள் இறந்தார். அன்று அரியமுத்து வெளியே போன பிறகும் அப்பா தன் இடது கையை நீட்டியபடியே வெகுநேரம் வைத்திருந்தார் என்று அம்மா சொன்னாள்.